கூடாரக்காரர் பெண்டாட்டி

லிஃப்ட் மெக்கானிக்குகளில் இரண்டு ரகம் உண்டு. வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு காலை நீட்டுகிறவர்கள் ஒரு ரகம். இன்னொரு ரகத்தில் கூடாரக்காரர் ஒருவர்தான் இருந்தார்.

வாரம் பூராவும் அவருக்குப் பிழைப்பு இருட்டில். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் ஏறி இறங்கும் நீளமான குழி இருக்கிறதே, அதற்குள் இறங்கி, இரும்பு வடத்துக்குக் கிரீஸ் போட்டு, யாரோ தவறவிட்ட சாவிக்கொத்தையும் பொம்மையையும் பொறுக்கிக்கொண்டு மேலே வரும்போது முகத்தில் கண்ணும் பல்லும்தான் தெரியும். வந்தவுடன் கை கழுவ மாட்டார், டீ குடிக்க மாட்டார். நேராக மொட்டை மாடிக்குப் போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். கூட வேலை செய்த குண்டு மெக்கானிக் படிக்கட்டிலிருந்து குரல் கொடுப்பார்.

"என்னய்யா, வானம் இருக்கா?"

"இருக்கு, இருக்கு. எங்கேயும் போகல."

இப்படிப்பட்ட மனுஷனுக்கு வந்து வாய்த்தவள் டெய்லரம்மா. வீட்டின் முன்னறைதான் அவளுடைய கடை. தையல் மிஷின், வெட்டும் மேஜை, இஸ்திரிப் பெட்டி, ஆளுயரக் கண்ணாடி. ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்தாலும் அவளுக்கு ஆகாது. காற்று வந்தால் வெட்டி அடுக்கி வைத்த கை ஒரு பக்கம் பறக்கும், காலர் ஒரு பக்கம் பறக்கும். பொறுக்கி எடுப்பதற்குள் எது யாருடைய கை என்று தெரியாமல் போய்விடும். அப்படித்தான் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஒரு கை முழுக்கையும் ஒரு கை அரைக்கையுமாகச் சட்டை போய்ச் சேர்ந்தது. எழுதுகிற கைக்குத் தோதாகத் தைத்திருக்கிறாள் என்று நினைத்து அந்த நல்ல மனுஷன் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து காற்று அவளுக்குத் தொழில் எதிரி. நாலு சுவர், மேலே ஒரு கூரை, சாத்திய கதவு, இதைவிட்டால் சொர்க்கம் வேறே கிடையாது என்பது அவள் கட்சி.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், கூடாரக்காரர் வீட்டைத் தலைகீழாக்கிவிடுவார். ஏரிக்கரையோ மலையடிவாரமோ ஆற்று மணலோ, வீட்டில் இருக்கிற உயிரெல்லாம் வண்டியில் ஏறியாக வேண்டும். தனியாகப் போகிற ஆள் இல்லை அவர். டெய்லரம்மாவுக்குத் தலைக்கு மேல் வேலை கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நீங்க மட்டும் போயிட்டு வாங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே ஆள் திரும்பி வந்து வாசலில் நின்றார்.

"ஏன், ஏரியை மூடிட்டாங்களா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு மீன்கொத்தி பக்கத்துலயே வந்து உக்காந்துச்சு. யார்கிட்ட சொல்றது?"

அதற்கப்புறம் அவரைத் தனியாக அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. அதை வெளியில் ஒத்துக்கொள்வாளா? "இவரைத் தனியா விட்டா வழி தவறிடுவார், அதான் கூடப் போறேன்" என்று தைக்கக் கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தாள்.

கூடாரத்தின் கதையைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்ல முடியாது. வீடு மாற்றுகிறவர்கள் பீரோவையும் கட்டிலையும் லிஃப்டில் ஏற்றும்போது சுவரில் கீறல் விழாமல் இருக்கத் தடித்த கித்தானைத் தொங்கவிடுவார்கள். அப்படிக் கழித்துப் போட்ட கித்தானைக் கல்யாணமான புதிதில் ஒரு நாள் தோளில் சுமந்துகொண்டு வந்தார்.

"ஒரு கூடாரம் தச்சுக் குடேன்."

"நான் சட்டை தைக்கிறவ. கூடாரத்துக்குத் தோள் அளவு எது, இடுப்பு அளவு எதுன்னு எனக்கென்ன தெரியும்?"

தெரியாமல்தான் தைத்தாள். அதனால் அந்தக் கூடாரம் ஒரு ராட்சசனின் சட்டை மாதிரி இருந்தது. வாசலுக்கு ஜாக்கெட் கொக்கிகள். உள்ளே மூக்குக் கண்ணாடி வைக்க ஒரு பை. வளரும் பிள்ளைகளின் சீருடைக்குச் செய்வது போல எல்லாத் தையலிலும் உள்ளே தாராளமாகத் துணி விட்டிருந்தாள்.

"எதுக்கு இவ்வளவு துணி உள்ளே? கூடாரம் வளருமா?" என்று அவர் சிரித்தார்.

"கூடாரம் வளராது" என்று சொல்லிவிட்டு அவள் நூலைப் பல்லால் கடிப்பதில் மும்முரமாகிவிட்டாள். மனுஷனுக்கு விஷயம் புரிவதற்குள் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் மொட்டை மாடிக்கு ஓடிவிட்டார்.

மகன் பிறந்தான், ஒரு தையலைப் பிரித்து விட்டாள். மகள் பிறந்தாள், இன்னொரு தையலைப் பிரித்து விட்டாள். மகளுக்குக் கல்யாணம் ஆனபோது வந்து சேர்ந்த மாப்பிள்ளையோ கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் ஆகிருதி. உள்ளே விட்ட துணி அத்தனையும் பிரித்தும் போதவில்லை. அவர் திரைச்சீலைக் கடை வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. பெரிய பெரிய ரோஜாப்பூ போட்ட திரைச்சீலையில் ஒரு துண்டை அவரே கொண்டுவந்து, "அத்தை, என் பங்குக்கு" என்று கொடுத்தார்.

அந்தக் கொக்கிகளால் பட்ட பாடு தனி. ஒருமுறை கூடாரத்துக்குள் ஓணான் புகுந்துவிட்டது. ஆளுக்கு ஒரு கொக்கியைப் பிடித்து இழுத்து, "அதை முதல்ல, இல்ல இதை முதல்ல" என்று சண்டை போட்டுக் கழற்றி முடிப்பதற்குள் ஓணான் சலித்துப்போய் வந்த வழியே போய்விட்டது.

படுக்கிற வரிசையும் மாறாது. ஓரத்தில் மகன், அவன் பக்கத்தில் மாப்பிள்ளை, அப்புறம் மகள், அப்புறம் டெய்லரம்மா, வாசலை ஒட்டி அவர். பாதி உடம்பு கூடாரத்துக்குள் என்றால் பாதி வெளியே. அவர் படுத்ததும் டெய்லரம்மாவின் கச்சேரி தொடங்கும்.

"முதுகுல கல்லு குத்துதுங்க."

"ஆமாம்மா."

"எறும்பு ஊருது. இங்க வந்து படுக்கணும்னு நமக்கு என்ன தலையெழுத்து?"

"ஆமாம்மா."

"வீட்டுல மெத்தை சும்மா கிடக்கு. டீயில புகை நாத்தம். இதைக் குடிக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?"

"அதானே!"

அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை. கிளம்பும்போது புலம்பல், வழியெல்லாம் புலம்பல், திரும்பும்போது அடுத்த வாரத்துக்கும் சேர்த்துப் புலம்பல். பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கி, அதைக் கேட்டுக்கொண்டே எழுந்து வளர்ந்தார்கள். கேட்டுக் கேட்டு அவர்கள் மனசில் ஒன்று கல்வெட்டாகப் பதிந்துபோயிற்று. அப்பாவுக்கு வெளியே பிடிக்கும், அம்மாவுக்கு வெளியே ஆகாது.

ஒரு மழைநாள் காலையில் கூடாரக்காரர் எழுந்திருக்கவில்லை. நோய் இல்லை, நொடி இல்லை. கட்டிலில், கூரைக்குக் கீழே, ஜன்னல் சாத்திய அறையில் போய்விட்டார். அந்த ஒன்றுதான் அவருக்குப் பிடித்திருக்காது.

டெய்லரம்மா அழுதாள். அப்புறம் மிஷினில் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை யாரும் அவளை எழுப்பவில்லை, வண்டியில் ஏறச் சொல்லவில்லை. அவள் வருஷக்கணக்காகக் கேட்ட நிம்மதி முழுசாகக் கைக்கு வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தாலே வீடு பெரிசாகிவிட்டது போலிருந்தது. அவரை நினைத்து அவள் ஏங்கிப்போனாள்.

வருஷம் திரும்புகிற சமயத்தில் அவளுக்கு ஓர் ஆசை வந்தது. ஒரே ஒரு தடவை அந்த ஏரிக்கரைக்குப் போய், அந்தக் கூடாரத்தைப் போட்டு, அதற்குள் படுக்க வேண்டும். இதில் என்ன கஷ்டம், பிள்ளைகளிடம் சொன்னால் தூக்கிக்கொண்டு போவார்களே என்பீர்கள். சொல்ல வேண்டுமே! 'என்னை விட்டுடுங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்' என்று அத்தனை வருஷம் சொன்ன வாயால் 'என்னைக் கூட்டிட்டுப் போங்க' என்று எப்படிச் சொல்வாள்? குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற வம்சம் அவளுடையது. மீசை இல்லாதது ஒன்றுதான் குறை. பிள்ளைகளாகக் கூப்பிட்டால், நாலு தடவை மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஐந்தாவது தடவை போகலாம் என்பது அவள் திட்டம். கூப்பிட வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் மகனிடம் ஆழம் பார்த்தாள். பஸ் ஓட்டுகிறவன், இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அம்மாவோடுதான் இருந்தான்.

"அந்தக் கூடாரம் பரண்லயே கிடக்கு. பூச்சி அரிச்சிடுமோ என்னமோ."

மறுநாள் அவன் பை நிறையப் பாச்சை உருண்டை வாங்கி வந்து பரணில் கொட்டினான். வீடே ஒரு வாரம் நாறியது.

அடுத்து மகள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். "வீட்டுக்குள்ளேயே கிடந்து மூச்சு முட்டுதுடி" என்று டெய்லரம்மா ஒரு பெருமூச்சோடு சொல்லி வைத்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? சாயங்காலமே மகள் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு வந்து இறங்கினாள். மறுநாள் டாக்டர். அதற்கடுத்த நாள் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். மாப்பிள்ளை தன் பங்குக்கு ஒரு மேஜை விசிறி வாங்கிக் கொடுத்தார். அது சுழன்ற வேகத்தில் நாலு காலர் பறந்தது.

கடைசியாக, மானத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துச் சாப்பாட்டு நேரத்தில் பொதுவாகச் சொன்னாள். "ஏரி நிரம்பியிருக்காமே? மிஷின் ரிப்பேர் பண்ண வந்தவர் சொன்னார்."

மகன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியே விட்டது. "பயப்படாதம்மா. உன்னை இனிமே யாரும் அங்கெல்லாம் இழுத்துட்டுப் போக மாட்டோம். அப்பாவுக்காக நீ பட்டதெல்லாம் போதும்."

டெய்லரம்மா சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்படிப் பாசமுள்ள பிள்ளைகளை வைத்துக்கொண்டு மனுஷி என்னதான் செய்வாள்?

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது போல அடுத்த செய்தி வந்தது. அப்பா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, உறவையும் சிநேகிதர்களையும் கூப்பிட்டு ஒரு நினைவுக் கூட்டம் வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். அதுவும் அம்மாவுக்குத் தோதான இடத்தில். ஊர் நடுவில், நாலாவது மாடியில், ஜன்னலே இல்லாத ஏசி ஹால். தரையெல்லாம் கம்பளம்.

"ஒரு எறும்பு வராது அம்மா, நானே போய்ப் பார்த்துட்டு வந்தேன்" என்றாள் மகள் பெருமையாக.

"எதுக்கு வீண் சிரமம்?" என்று மட்டும் டெய்லரம்மா சொன்னாள். வழக்கமாகச் சொல்வதுதானே என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். வாழ்நாளெல்லாம் குழிக்குள் கிடந்து வானத்துக்கு ஏங்கின மனுஷனை ஒரு பெட்டிக்குள் வைத்து நினைக்கப் போகிறார்களே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. அன்றாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

கூட்டத்தன்று நாலு பேரும் லிஃப்டில் ஏறினார்கள். மாப்பிள்ளை கையில் மாமனாரின் படம், கண்ணாடி போட்டது, ஜன்னல் அளவுக்குப் பெரியது. மூன்றாவது மாடி தாண்டியது. டக் என்றது. நின்றுவிட்டது.

லிஃப்ட் மெக்கானிக்கின் குடும்பம், அவர் நினைவு நாளில், அவர் படத்தையும் தூக்கிக்கொண்டு லிஃப்டில் மாட்டிக்கொண்டது. இதை வெளியே போய் யாரிடம் சொல்ல முடியும்?

ஆனால் ஒன்று. மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று இந்தக் குடும்பத்துக்குச் சொல்லித் தர வேண்டாம். தாய்ப்பாலோடு வந்த பாடம். கதவை நெம்பாதே, குதிக்காதே, மணியை அழுத்து, கீழே உட்கார். மகன் மணியை அழுத்தினான். எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

டெய்லரம்மாவுக்கு இடது பக்கம் மகள் நெருக்கினாள், மகளை மாப்பிள்ளை நெருக்கினார், மாப்பிள்ளை நெருக்கியதில் மகன் மூலையில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தான். படம் மாப்பிள்ளையின் மடியில். அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஏன் மாப்பிள்ளை இப்படி நசுங்குறீங்க? இந்தப் பக்கம் கதவுகிட்ட அவ்வளவு இடம் கிடக்கே, வந்து உக்காருங்களேன்."

மாப்பிள்ளை சங்கடமாக நெளிந்தார். "அது மாமா இடம் அத்தை."

அப்போதுதான் நாலு பேரும் பார்த்தார்கள். யாரும் யோசிக்கவில்லை, யாரும் சொல்லவில்லை. உட்கார் என்றதும் உடம்பு தானாகக் கூடாரத்து வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. கதவை ஒட்டி ஓர் ஆள் படுக்கிற இடம் காலியாகக் கிடந்தது.

டெய்லரம்மா அந்த இடத்தையே பார்த்தாள். அவள் தோள் குலுங்கத் தொடங்கியது. மகள் பதறிப்போய்க் கைப்பையில் மருந்தைத் தேடினாள். "அம்மாவுக்கு மூச்சு முட்டுது! அண்ணா, மணியை அழுத்து!"

"மூச்சும் முட்டல, ஒண்ணும் முட்டல!" டெய்லரம்மா போட்ட சத்தத்தில் லிஃப்டே அதிர்ந்தது. "எனக்கு ஏரிக்கரைக்குப் போகணும். கூடாரம் போட்டுப் படுக்கணும். எவ்வளவு ஜாடையாச் சொன்னேன்? பாச்சை உருண்டை வாங்கிட்டு வந்தான் ஒருத்தன். எக்ஸ்ரே எடுத்தா ஒருத்தி. நீங்க விசிறி வாங்கிக் கொடுத்தீங்க மாப்பிள்ளை, உங்களைச் சொல்லிக் குத்தமில்லை."

மகன் மூலையிலிருந்து தலையை நீட்டினான். "அம்மா... உனக்குத்தான் வெளிய போறது பிடிக்காதே?"

"பிடிக்காதுதான். அதுக்காகப் போகக் கூடாதா?"



நல்ல வேளையாகக் கூட்டத்துக்கு வந்திருந்த குண்டு மெக்கானிக் விஷயம் கேள்விப்பட்டு, நல்ல சட்டையோடு மொட்டை மாடி மோட்டார் அறைக்கு மூச்சிரைக்க ஏறிப் போயிருந்தார். குழிக்குள் எட்டிப் பார்த்து அவர் கத்துவது கேட்டது.

"உள்ளே யாரு?"

"நாங்கதான் மாமா. கூடாரக்காரர் வீட்டுல."

மேலே அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்து, இருமி, மறுபடி சிரித்து முடித்தபிறகுதான் லிஃப்டை இறக்கி மூன்றாவது மாடியில் நிறுத்தினார். கீழே வந்து கதவைத் திறந்தபோது அவர் கண் ஈரமாக இருந்தது. "அவன் மட்டும் இருந்திருந்தா சிரிச்சே செத்திருப்பான் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, சொன்னது என்ன என்று உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். டெய்லரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கூட்டம் நடந்தது. வந்தவர்கள் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார்கள். குளிரில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டி ஏரிக்கரையில் போய் நின்றது. கூடாரத்தை இறக்கிய பிறகுதான் அதைப் போடத் தெரிந்த ஒரே ஆள் போய்விட்டார் என்பது உறைத்தது. மகன் ஒரு கம்பை நட்டால் மாப்பிள்ளை அதில் தடுக்கி விழுந்தார். மகள் கரையில் நின்று இரண்டு பேரையும் அதட்டினாள். ஒருவழியாக நின்ற கூடாரம், சட்டையைத் திருப்பிப் போட்டது போல உள்பக்கம் வெளியே தெரிய நின்றது. மூக்குக் கண்ணாடிப் பை வெளியே தொங்கியது. பிரித்துவிட்ட பழைய தையல் தடமெல்லாம் வரிவரியாக வெயிலில் தெரிந்தது. நாலு ஊருக்குப் பேர்போன டெய்லர், பார்த்துவிட்டு, வெளியே தொங்கிய அந்தப் பையில் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் போட்டாள்.

ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். மகள் விறகு மூட்டி டீ போட்டாள். சாப்பிட்ட களைப்பில் உள்ளே போய்ப் படுத்தார்கள், அதே வரிசையில். வாசலருகே இடம் விட்டிருந்தது. ஏரிக் காற்று தடையில்லாமல் உள்ளே வந்தது.

டெய்லரம்மா ஆரம்பித்தாள்.

"கல்லு குத்துது. இந்த இடத்தை விட்டா வேற இடமே கிடைக்கலையா?"

மகள் கையை விட்டுத் துழாவி ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தாள்.

"எறும்பு வேற. முட்டையில உப்பே இல்ல. டீயைப் பத்திக் கேக்கவே வேண்டாம், அடுப்புச் சாம்பலைக் கரைச்சுக் கொடுத்த மாதிரி இருக்கு. வீட்டுல மெத்தை சும்மா கிடக்கு. காத்துன்னா காத்து, இப்படியா அடிக்கும்?"

மகளின் முகம் சின்னதாகிப் போயிற்று. லிஃப்டில் ஏதோ ஒரு வேகத்தில் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, வந்தபிறகு பிடிக்கவில்லை, பாவம். அண்ணனை எட்டிப் பார்த்தாள். அவன் எழுந்து உட்கார்ந்தே விட்டான். மாப்பிள்ளை செருப்பைத் தேடினார். மகள் மெதுவாக அம்மாவின் தோளைத் தொட்டாள்.

"அம்மா, பிடிக்கலன்னா கிளம்பிடலாமா? கூடாரத்தைச் சுருட்ட எவ்வளவு நேரம் ஆகும்? இப்பவே போயிடலாம்."

டெய்லரம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீ சும்மா படு. உன்கிட்டயா சொன்னேன்? உங்க அப்பாகிட்ட பேசிட்டிருக்கேன்."

சொல்லிவிட்டு வாசல் பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.